வயிற்று அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களைச் சீக்கிரம் கண்டறிதல்: செலவும் பயனும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளியைக் கூடுதலாகக் கண்காணிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கலாமா, அதற்கு ஆகும் செலவு தகுமா, தகும் என்று எதை வைத்துச் சொல்வது என்று வட சென்னை மருத்துவமனைகளில் பணிபுரியும் மருத்துவர்களும் செவிலியர்களும் நிர்வாகத்தினரும் கேட்பதுண்டு. நோயாளிகளின் வீட்டாரும் வேறு வார்த்தைகளில் அதையேதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

எந்தெந்தச் சிக்கல்களைப் பற்றி இங்கே பேசப்படுகிறது?

குடலை வெட்டி இணைத்த இடத்தில் ஏற்படும் கசிவு, வயிற்றுக்குள் சீழ் கட்டுதல், உள் ரத்தக்கசிவு, காயத்தில் தொற்று, தையல் பிரிந்து வயிறு திறந்துகொள்ளுதல், நிமோனியா, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குச் செல்லுதல் ஆகியவையே முக்கியமானவை. இவை எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களில் தெரிந்துவிடும். நிமோனியா இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தலைகாட்டும். குடல் இணைப்புக் கசிவு ஐந்தாம் நாளை ஒட்டி வெளிப்படுவது வழக்கம். காயத் தொற்று அதற்கும் பிறகு, பல நேரம் நோயாளி வீடு திரும்பிய பிறகே தெரியவரும். ஆகவே எல்லா நாட்களிலும் எல்லாவற்றையும் ஒரே அளவில் தேடும் திட்டம், செலவுக் கணக்கில் முதல் அடியிலேயே தோற்றுவிடும்.

'சீக்கிரம்' என்றால் எவ்வளவு சீக்கிரம்?

நாட்காட்டியை வைத்து இதைச் சொல்ல முடியாது. கசிவு தொடங்கிய பிறகு, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும் முன் இருக்கும் இடைவெளிக்குள் கண்டறிந்தால் அது சீக்கிரம். அந்த இடைவெளியில் தோல் வழியாக ஒரு குழாய் வைத்துச் சீழை வெளியேற்றி, சரியான ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்துவிடக்கூடிய அதே நோயாளிக்கு, அது கடந்த பிறகு மறு அறுவையும் வென்டிலேட்டரும் வாரக்கணக்கில் ஐ.சி.யு. படுக்கையும் தேவைப்படுகின்றன. செலவு வித்தியாசம் முழுவதும் இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவேதான் இருக்கிறது.

சீக்கிரம் கண்டறிவதால் உயிர் காக்கப்படுகிறது என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு, எதிர்ச்சான்றும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும்.

2009-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 84,730 அறுவை நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்த மருத்துவமனைகளையும் மிக அதிகமாக இருந்தவற்றையும் ஒப்பிட்டது. சிக்கல் ஏற்பட்ட விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 24.6 விழுக்காடு, 26.9 விழுக்காடு. ஆனால் பெரிய சிக்கல் ஏற்பட்டவர்களுள் இறந்தவர்கள் முதல் வகையில் 12.5 விழுக்காடும் இரண்டாம் வகையில் 21.4 விழுக்காடும் ஆவர். கத்தி பிடித்த கையில் பெரிய வேறுபாடு இல்லை. சிக்கல் வந்த பிறகு நோயாளியை மீட்பதில்தான் மருத்துவமனைகள் வேறுபட்டன. துறையினர் இதை 'மீட்கத் தவறுதல்' என்று தனியாகவே அளக்கிறார்கள்.

2022-இல் லான்செட் இதழில் வந்த நெதர்லாந்தின் 'போர்ஷ்' ஆய்வு இன்னும் நேரடியானது. கணைய அறுவை செய்யும் மருத்துவமனைகள் அனைத்திலும் ஒரே வழிமுறை படிப்படியாகப் புகுத்தப்பட்டது: தினமும் இன்னின்ன அறிகுறி, இன்னின்ன ரத்தப் பரிசோதனை, இந்த எல்லையைத் தாண்டினால் சிடி ஸ்கேன், அதில் இப்படி இருந்தால் குழாய் வைப்பது என்று அடுத்தடுத்த முடிவுகள் முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தன. 1,748 நோயாளிகள். தலையிட வேண்டிய ரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, 90 நாட்களுக்குள் இறப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் 14 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தனர்; இறப்பு மட்டும் 5 விழுக்காட்டிலிருந்து 3 ஆயிற்று.

இனி மறுபக்கம். ஆப்பிரிக்காவில் 28 நாடுகளின் 332 மருத்துவமனைகளில் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள அறுவை நோயாளிகளைச் செவிலியர் அறைக்கு அருகில் படுக்கவைத்தல், அடிக்கடி பார்த்தல், வீட்டாரை உடன் இருக்கவைத்தல் போன்ற கூடுதல் கண்காணிப்பு முயன்று பார்க்கப்பட்டது. மருத்துவமனை இறப்பு குறையவில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவின் 23 மருத்துவமனைகளில், நிலை மோசமாகும் நோயாளியிடம் விரைந்து வரும் அவசரக் குழுக்களைச் சோதித்த 'மெரிட்' ஆய்விலும் எதிர்பார்த்த பயன் தெரியவில்லை; அங்கே அளவுகள் எல்லை தாண்டியிருந்தும் குழு அழைக்கப்படாத நோயாளிகள் ஏராளம்.

கண்டறிதலுக்கு மட்டும் தனியாக மதிப்பு எதுவும் இல்லை என்பதே என் வாசிப்பு. நெதர்லாந்தில் சி.டி. அறையும் குழாய் வைக்கும் ரேடியாலஜி மருத்துவரும் தயாராக இருந்தார்கள். அபாய மணி அடித்தால் எழுந்து வர ஆள் இருக்கும் இடத்தில் மணிக்கு விலை உண்டு. இல்லாத இடத்தில் அது வாங்கிய நாளிலிருந்தே நஷ்டக் கணக்கு.

சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையைத் தினமும் எடுத்தால் போதாதா?

போதாது, ஆனால் அதைச் சரியாகப் பயன்படுத்தினால் விலைக்கு மீறிய பலன் உண்டு. சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் சுரக்கும் புரதம். அறுவையே ஒரு காயம் என்பதால் எந்தச் சிக்கலும் இல்லாதவருக்கும் அது ஏறி, இரண்டு மூன்று நாட்களில் உச்சம் தொட்டு, பிறகு வேகமாக இறங்கும்; அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 19 மணி நேரமே. இறங்க வேண்டிய நாளில் இறங்காமல் நிற்பதுதான் செய்தி. பெருங்குடல் அறுவை பற்றி 2014-இல் வெளியான தொகுப்பாய்வு, லிட்டருக்கு மூன்றாம் நாள் 172 மில்லிகிராம், நான்காம் நாள் 124, ஐந்தாம் நாள் 144 என்ற எல்லைகளைத் தந்தது. எல்லைக்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்பது 97 விழுக்காடு சரியாக இருந்தது. எல்லைக்கு மேலே இருந்தவர்களுள் உண்மையில் கசிவு இருந்தவர்களோ ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதல் மட்டுமே.

ஆகவே இந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிப்பதைவிட, யாரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்வதில்தான் வல்லது. அளவு கூடியவர் அனைவரையும் சிடி ஸ்கேனுக்கு அனுப்பினால் செலவு எகிறும். குறைந்தவர்களை ஒரு நாள் முன்னதாக டிஸ்சார்ஜ் செய்தால் அந்தச் செலவை அங்கேயே ஈடுகட்டலாம். பல மருத்துவமனைகள் முதலாவதைச் செய்கின்றன, இரண்டாவதைச் செய்வதில்லை. பிறகு பரிசோதனை வீண் என்கின்றன.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையா?

தேவையில்லை. நாடி, மூச்சு எண்ணிக்கை, வெப்பம், ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நினைவு நிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் 'நியூஸ்' அட்டையை இங்கிலாந்தின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்டு, 2017-இல் திருத்தியது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

குடல் அறுவை முடிந்து நான்காம் இரவு, விடியற்காலை மூன்று மணி. ஒரு நோயாளிக்கு நாடி 112, மூச்சு நிமிடத்துக்கு 22, வெப்பம் 38.2 செல்சியஸ், ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சரியாக உள்ளன, கேட்டால் பதில் சொல்கிறார். ஒவ்வொன்றாகப் பார்த்தால், "வலியில் நாடி கொஞ்சம் ஓடுகிறது, லேசான ஜுரம், பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம்" என்று சொல்லத் தோன்றும். அட்டையில் நாடிக்கு 2, மூச்சுக்கு 2, வெப்பத்துக்கு 1, ஆக மொத்தம் 5. ஐந்து வந்தால் மருத்துவர் உடனே வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. டியூட்டி டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தயங்கும் இளம் செவிலியருக்கு அந்தக் கூட்டுத்தொகைதான் துணை. இதில் மூச்சு எண்ணிக்கையே மிக மதிப்புள்ளதும், எண்ணாமலே 20 என்று எழுதப்படுவதும் ஆகும். பதிவேட்டில் எல்லாப் படுக்கைக்கும் 20 என்று இருந்தால், அங்கே கண்காணிப்பு நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

செலவு கருவியில் இல்லை, செவிலியரின் நேரத்தில் இருக்கிறது. ஒருவரைப் பார்த்து எழுத ஐந்து நிமிடம் என்றால், 40 படுக்கை வார்டில் நாளுக்கு நான்கு முறைக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கும் மேல். குடல் இணைப்பு, அவசர அறுவை, முதியவர், சர்க்கரை நோயாளி என்று ஆபத்து அதிகமுள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் 200 நிமிடம். இரண்டாவதுதான் நடைமுறையில் நிற்கும்.

யாருடைய செலவைக் கணக்கிட வேண்டும்?

விடையை மாற்றிவிடும் கேள்வி இது. மருத்துவமனையின் செலவு, அரசின் செலவு, காப்பீட்டின் செலவு, குடும்பத்தின் செலவு ஆகிய நான்கும் வெவ்வேறு. மருத்துவமனையின் கண்ணால் மட்டும் பார்க்கும் ஆய்வில், பழைய ஜெயில் சாலையில் ஸ்டான்லி மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு ஒரு நாள் கூடினால் கூடும் செலவு மருந்து, உணவு, ஊழியர் நேரம் மட்டுமே. நோயாளியிடம் படுக்கைக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், குடும்பத்துக்குச் செலவே இல்லை என்ற தோற்றம் உண்டாகிறது.

அது உண்மையன்று. காசிமேட்டில் மீன் ஏலத்தில் கூடை தூக்குபவரோ, எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்பவரோ, மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியோ படுத்துவிட்டால் அன்றன்றைய கூலி அன்றன்றே நின்றுவிடும். உடன் இருக்கும் மனைவியின் அல்லது மகனின் கூலியும் சேர்ந்து நிற்கும். இரண்டு வேளைச் சாப்பாடு, எண்ணூரிலிருந்தோ கத்திவாக்கத்திலிருந்தோ வந்துபோகும் ஷேர் ஆட்டோ, வெளியே எடுக்கச் சொன்ன பரிசோதனை, பக்கத்து வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் என்று அது நீளும். ஒரு வாரம் இருந்தால் சேமிப்பில் சமாளிப்பார்கள். சிக்கல் வந்து நான்கு வாரம் ஆனால் நகை அடகுக் கடைக்குப் போகும், அல்லது தண்டல் வாங்குவார்கள். தண்டலுக்குக் கட்டும் தினசரித் தவணை, நோயாளி குணமாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் மாதக்கணக்கில் ஓடும். எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது இடம்பெறுவதில்லை. சமூகம் முழுவதின் பார்வையில் செய்யப்படும் மதிப்பீடுதான் இதைப் பிடிக்கும். வட சென்னையில் நடக்கும் எந்த ஆய்வும் அந்தப் பார்வையைத் தவிர்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, அது போதாதா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் திட்டம் அது, பெரிய பாதுகாப்புதான். ஆனால் அது சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுப்புத் தொகை என்ற முறையில் இயங்குகிறது. இழந்த கூலியும் வழிச்செலவும் அதன் எல்லைக்குள் வருவதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தொகுப்புத் தொகை மாறாமல் இருக்கும்போது, நோயாளி அதிக நாள் தங்கினால் இழப்பு மருத்துவமனைக்கே. சிக்கலைச் சீக்கிரம் பிடிப்பதில் மருத்துவமனைக்கு இதனால் ஒரு நிதி அக்கறை பிறக்கிறது. அதே காரணத்தால், முழுவதும் தேறாதவரை அவசரமாக அனுப்பிவிடும் தூண்டுதலும் பிறக்கிறது. முதலாவது நடக்கிறதா இரண்டாவது நடக்கிறதா என்பதை 30 நாட்களுக்குள் திரும்ப வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். கீழ்க்காணும் எண்கள் முறையைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவையே. எந்த மருத்துவமனையின் தரவும் அல்ல. அவரவர் வார்டு எண்களை அவற்றின் இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

குடல் இணைப்பு அறுவை செய்துகொண்ட 1,000 பேர். அவர்களுள் 60 பேருக்குக் கசிவு. வழக்கமான கவனிப்பில் 20 பேருக்குச் சீக்கிரமும் 40 பேருக்குத் தாமதமாகவும் தெரிகிறது. திட்டம் வந்தபின் இது 40, 20 என்று மாறுகிறது. சீக்கிரம் பிடித்த கசிவைச் சரிசெய்ய 60,000 ரூபாயும், தாமதமானதற்கு 2,60,000 ரூபாயும் ஆகும் என்போம். இருபது பேர் தாமதத்திலிருந்து சீக்கிரத்துக்கு மாறியதால், ஆளுக்கு 2 லட்சம் வீதம் 40 லட்சம் மிச்சம். திட்டத்துக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் 15 லட்சம். தவறான எச்சரிக்கையால் தேவையின்றி எடுத்த 150 சிடி ஸ்கேன், ஒன்றுக்கு 5,000 வீதம் 7.5 லட்சம். நிகர மிச்சம் 17.5 லட்சம். சீக்கிரம் பிடித்தவர்களுள் 5 விழுக்காடும் தாமதமானவர்களுள் 25 விழுக்காடும் இறப்பார்கள் என்று கொண்டால், இறப்பு 11-இலிருந்து 7 ஆகிறது. பணமும் மிச்சம், நான்கு உயிரும் மிச்சம். இப்படி அமைந்தால் விவாதிக்கவே ஒன்றுமில்லை.

இப்போது அதே திட்டத்தைச் சிக்கல் அரிதாக வரும் எளிய அறுவைகளுக்கும் விரித்துப் பார்ப்போம். ஆயிரத்தில் 12 பேருக்கே சிக்கல். மற்ற விகிதங்கள் அப்படியே. நான்கு பேர்தான் இடம் மாறுகிறார்கள். 8 லட்சம் மிச்சம்; திட்டமும் ஸ்கேனும் சேர்ந்து முன்போலவே 22.5 லட்சம் செலவு. நிகரச் செலவு 14.5 லட்சம், காக்கப்பட்ட உயிர் 0.8. ஓர் உயிருக்குச் சுமார் 18 லட்சம். காக்கப்பட்டவர் இன்னும் 20 ஆண்டு வாழ்வார் என்றால் ஓர் ஆயுள் ஆண்டுக்கு ஏறத்தாழ 90,000 ரூபாய். மிச்சம் பிடிக்கும் திட்டமாக இருந்தது செலவு வைக்கும் திட்டமாகிவிட்டது. ஆனாலும் தகாத செலவு என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது நிலைதான் கவலைக்குரியது. கசிவு பழையபடி 60 பேருக்கு. கண்டறிதலும் நன்றாகவே நடக்கிறது. ஆனால் இரவில் சிடி ஸ்கேன் கிடைப்பதில்லை, அவசரத் தியேட்டரில் இடமில்லை, சொல்லியும் காலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இருபது பேருக்குப் பதிலாக ஐந்து பேர் மட்டுமே உண்மையில் சீக்கிரம் சிகிச்சை பெற்றனர் என்றால், மிச்சம் 10 லட்சம், செலவு அதே 22.5 லட்சம், காக்கப்பட்ட உயிர் ஒன்று. அதே அட்டை, அதே பரிசோதனை, அதே செவிலியர்கள். பதில் நடவடிக்கை தளர்ந்ததும் 17.5 லட்சம் மிச்சம் 12.5 லட்சம் செலவாகத் தலைகீழாகிறது. மருத்துவமனை ஒன்று அடுத்த பத்து லட்சத்தைக் கண்காணிப்பில் போடுவதா, இரவு நேர ஸ்கேன் டெக்னீஷியனுக்குப் போடுவதா என்று கேட்டால், இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

அரசு மருத்துவமனையில் 'மிச்சமாகும்' பணம் எங்கே போகிறது?

கையில் வராது. செவிலியர் சம்பளமும் கட்டடமும் மின்கட்டணமும் நோயாளி சீக்கிரம் போனாலும் போகாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். மிச்சமாவது படுக்கை நாள். ஐ.சி.யு.வில் இருபது நாள் இருந்திருக்க வேண்டியவர் இல்லாததால், அறுவைத் தேதிக்காகக் காத்திருக்கும் புற்றுநோயாளிக்கு அங்கே இடம் கிடைக்கிறது. நிதித்துறைக்கு எழுதும்போது 'சேமிப்பு' என்று எழுதினால், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் அதைக் கழித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. 'கூடுதலாகச் செய்யப்பட்ட அறுவைகள்' என்று எழுதுவதே நேர்மையும் விவேகமும் ஆகும்.

பயனை எப்படி அளப்பது?

சிக்கல்களைத் தரம் பிரிக்க 2004-இல் வெளியான கிளேவியன்-டிண்டோ வகைப்பாடு உலகம் முழுவதும் வழக்கில் உள்ளது. மருந்தோ தலையீடோ பெரிதாக வேண்டாதது முதல் தரம், ஆன்டிபயாடிக் அல்லது ரத்தம் ஏற்ற வேண்டியது இரண்டு, குழாய் வைத்தல், எண்டோஸ்கோபி அல்லது மறு அறுவை தேவைப்படுவது மூன்று, ஐ.சி.யு. தேவைப்படும் உறுப்புச் செயலிழப்பு நான்கு, இறப்பு ஐந்து. சீக்கிரம் கண்டறியும் திட்டம் சிக்கலை வரவிடாமல் செய்வதன்று, நான்காவது தரத்தில் முடிந்திருக்க வேண்டியதை மூன்றில் நிறுத்துவது. ஆகவே மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டுத் தரங்களின் பரவலைப் பார்க்க வேண்டும்.

அறுவைக்குப் பின் 30 அல்லது 90 நாட்களில் நோயாளி உயிரோடு தன் வீட்டில் கழித்த நாட்கள் எத்தனை என்பது இன்னோர் அளவை. நீண்ட தங்கல், திரும்பச் சேர்தல், இறப்பு மூன்றும் அந்த ஒரே எண்ணில் அடங்கிவிடும். நாள் கூலிக் குடும்பத்துக்கு அதன் பொருளை விளக்கவே வேண்டாம். வெவ்வேறு திட்டங்களை ஒரே தட்டில் நிறுக்க, வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஆயுள் ஆண்டு, சுருக்கமாகக் குவாலி, தேவைப்படும். மலம் வெளியேற வயிற்றில் பை மாட்டிக்கொண்டு ஆறு மாதம் வாழ்வதும் முழு நலத்தோடு ஆறு மாதம் வாழ்வதும் ஒன்றல்ல என்பதை அது கணக்கில் கொள்கிறது. அதற்கான ஈ.க்யூ.-5டி வினாத்தாளுக்கு இந்தியர்களிடமே கேட்டுப் பெற்ற மதிப்புகள் இப்போது உள்ளன. வெளிநாட்டு மதிப்புகளைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஓர் ஆயுள் ஆண்டுக்கு எவ்வளவு வரை செலவிடலாம்?

மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை 2017-இல் தொடங்கிய மதிப்பீட்டு அமைப்பு, நாட்டின் தலா உள்நாட்டு உற்பத்தியை ஒட்டிய தொகையை அளவுகோலாகப் பயன்படுத்துகிறது. இன்றைய நிலையில் அது இரண்டு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். எதிர்கால ஆண்டுகளின் மதிப்பை ஆண்டுக்கு 3 விழுக்காடு குறைத்துக் கணக்கிட வேண்டும். மேலே கண்ட 90,000 ரூபாயில் அந்தக் கழிவைச் செய்யவில்லை. செய்தால் சுமார் 1,20,000 ஆகும், அப்போதும் அளவுகோலுக்கு உள்ளேயே இருக்கும்.

திட்டம் தொடங்கியதும் சிக்கல்களின் எண்ணிக்கை கூடிவிட்டதே?

கூடத்தான் செய்யும். தேடாதபோது தெரியாமல் போன சிறு சிக்கல்கள் இப்போது பதிவாகின்றன. அதைக் காட்டித் துறைத் தலைவரைக் கடிந்துகொள்ளும் நிர்வாகம், அடுத்த மாதமே பதிவு குறைவதைக் காணும்; சிக்கல் குறைந்திருக்காது.

வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது?

காயத் தொற்றைக் குறைந்தது 30 நாட்கள் வரையும், குடலிறக்கத்துக்கு வலை வைத்திருந்தால் 90 நாட்கள் வரையும் கண்காணிக்க வேண்டும் என்பது வரையறை. அதற்குள் நோயாளி வியாசர்பாடியிலோ எர்ணாவூரிலோ தன் வீட்டில் இருப்பார். டிஸ்சார்ஜ் ஆன மூன்றாம், ஏழாம், பதினான்காம் நாட்களில் ஒரு செவிலியர் போனில் அழைத்து ஐந்தாறு கேள்விகள் கேட்பதும், காயத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதும் மிகக் குறைந்த செலவில் முடியும். எடின்பரோவில் காயப் படங்களைக் கைபேசி வழியே பெற்று நடத்திய ஆய்வில், தொற்றைக் கண்டறிய ஆன மொத்தக் காலம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் முதல் வாரத்துக்குள் கண்டறியப்பட்டவர்கள் கூடினர். அவ்வளவு எதிர்பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டார் அறிய வேண்டியவை சில. 38 செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குறைந்துவந்த வலி மீண்டும் கூடுதல், வாந்தி, வயிறு உப்பி, வாயு பிரியாமல் இருத்தல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், சம்பந்தமில்லாமல் பேசுதல். தையல் ஓரத்தில் திடீரென்று இளஞ்சிவப்பு நிற நீர் நிறையக் கசிந்தால், உள் தையல் பிரிந்துகொண்டிருக்கலாம். "நீர்தானே, துடைத்துக்கொள்ளலாம்" என்று விடக்கூடாது, சுத்தமான ஈரத்துணியால் மூடிக்கொண்டு உடனே புறப்பட வேண்டும். மருந்துக் கடையில் நாமே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்பது, சீக்கிரம் என்று சொன்ன அந்த இடைவெளியை அப்படியே விழுங்கிவிடும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், மழைக்காலத்துக் கணேசபுரம் சுரங்கப்பாதை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள் இவற்றையெல்லாம் தெரிந்தவர்தான் வட சென்னை நோயாளிக்குத் திரும்ப வரும் நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஆபத்து அதிகமுள்ளவரை ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது வீண் செலவன்று.

கண்டறிவதைவிடத் தடுப்பது மலிவல்லவா?

பல நேரம் ஆம். 66 நாடுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், வயிற்று அறுவைக்குப் பின் காயத் தொற்று வளர்ந்த நாடுகளில் 9.4 விழுக்காடும், இடைநிலை நாடுகளில் 14 விழுக்காடும், பின்தங்கிய நாடுகளில் 23.2 விழுக்காடும் இருந்தது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான 'சீட்டா' ஆய்வு, வயிற்றை மூடும் முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றினால் தொற்று 18.9 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைவதைக் காட்டியது. ஒரு ஜோடி கையுறையின் விலைக்கு இது மிகப் பெரிய பலன். ஆனால் குடல் இணைப்புக் கசிவை எவ்வளவு திறமையான கையாலும் முற்றிலும் தடுக்க முடிவதில்லை என்பதால், தடுப்பும் கண்டறிதலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

எங்கள் மருத்துவமனையில் மதிப்பீடு செய்ய எதிலிருந்து தொடங்குவது?

திட்டம் தொடங்கும் முன்பே, குறைந்தது மூன்று மாதங்களுக்கு, ஒரு பதிவேட்டில் நான்கு நேரங்களைக் குறியுங்கள்: முதல் அளவு எல்லை தாண்டிய நேரம், மருத்துவரிடம் சொன்ன நேரம், மருத்துவர் வந்து பார்த்த நேரம், சிகிச்சை தொடங்கிய நேரம். முன்னும் பின்னும் ஒப்பிட வேறு வழியில்லை; ஒரே நாளில் எல்லா வார்டுகளிலும் தொடங்காமல், வார்டு வார்டாகக் குலுக்கல் முறையில் தொடங்கினால் ஒப்பீடு இன்னும் நம்பகமாகும். நோயாளியின் கிளேவியன்-டிண்டோ தரம், தங்கிய நாட்கள், 30 நாளில் திரும்ப வந்தாரா என்பவற்றை அடுத்த பத்திகளில் எழுதலாம். குடும்பத்தின் கைச்செலவையும் இழந்த கூலியையும் டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் அரைகுறையாகவே வரும். வீட்டுக்குச் செய்யும் பதினான்காம் நாள் தொலைபேசி அழைப்பில் கேளுங்கள், கடன் வாங்கினார்களா என்ற கேள்வியையும் அதில் சேர்த்து. அந்த நான்கு நேரங்களுள் மிக நீண்ட இடைவெளி முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருந்தால் கண்காணிப்பில் பணம் போடலாம். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே இருந்தால், அட்டை அச்சடிக்கும் முன் தியேட்டரையும் ஸ்கேன் அறையையும் சரிசெய்யுங்கள்.